ஓட்டமா, படிப்பா? - ஒரு பறக்கும் டாக்டரின் கதை



செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் சுற்றியாச்சு, சுருளியில் குளித்தாச்சு, கம்பம் பன்னீர் திராட்சையைக் கிலோ கணக்கில் தின்றாச்சு. இனி உருப்படியாக ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தால், வீட்டுக்குள் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, அதையே எழுதிவிடுகிறேன்.

என் தங்கச்சி பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். ஜூனில் ப்ளஸ் ஒன். அவள் 200 மீட்டர் ஓடுவாள். போன வருடம் குறுவட்டப் போட்டியில் முதல், மாவட்டப் போட்டியில் மூன்றாவது. ப்ளஸ் ஒன்னிலும் ஓடுவேன் என்கிறாள். அப்பா கூடாது என்கிறார்.

"ஓடி என்னத்தக் கிழிக்கப் போற? ரெண்டு வருசம் ஒழுங்காப் படி. அதுக்கப்பறம் என்னமும் பண்ணு."

அம்மாச்சியின் கவலை வேறு. "வயசுக்கு வந்த புள்ள, அரை டவுசரப் போட்டுக்கிட்டு ஊரு பாக்க ஓடணுமாக்கும்?"

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளா பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விட்டு இருட்டும்போது திரும்புகிறவர். அவருக்குப் பஞ்சாயத்தில் பேச நேரம் கிடையாது.

"நீ சொல்லுடா, காலேஜ் படிக்கிறவன்தான?" என்று அப்பா என்னிடம் பந்தைத் தள்ளினார். நான் அப்போது முழித்தேன். பத்து நாள் யோசித்து இப்போது சொல்கிறேன்.

முதலில் என் கதை. இதைச் சொல்லாமல் தங்கச்சிக்காகப் பேச எனக்குத் தகுதி கிடையாது.

நானும் ஓடியவன்தான். பத்தாவதில் குறுவட்டப் போட்டி 200 மீட்டரில் இரண்டாவது வந்தேன். எங்கள் ஸ்கூல் கிரவுண்டு சின்னது, ஒரு சுற்று சுற்றினால் 200 மீட்டர். சுண்ணாம்புக் கோடு போட்டு, நெருஞ்சி முள்ளைப் பொறுக்கிவிட்டு ஓடுவோம். மாவட்டப் போட்டிக்குத் தேனிக்குப் போனபோதுதான், 200 மீட்டர் என்பது ஒரு முழு வட்டம் இல்லை, ஒரு வளைவும் ஒரு நேர்கோடும்தான் என்றே எனக்குத் தெரிந்தது. வளைவு எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஓடிக் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தேன். ஆனாலும் அந்த நாளை மறக்க முடியாது.

ப்ளஸ் ஒன் சேர்ந்த முதல் வாரமே என்னை நிறுத்திவிட்டார்கள். வீட்டிலும் சொன்னார்கள், ஸ்கூலிலும் சொன்னார்கள். நாங்கள் படித்தபோது ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு உண்டு. பி.டி. பீரியடை ஒரு வாரம் கணக்கு வாத்தியாரும் மறுவாரம் கெமிஸ்ட்ரி வாத்தியாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். சரி, ஓட்டத்தை நிறுத்தியதால் மிச்சமான நேரத்தில் நான் என்ன செய்தேன்? படித்தேன் என்று நினைக்கிறீர்களா? மொட்டை மாடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மலையை வேடிக்கை பார்த்தேன். போன் கிடைத்தால் போன். தூக்கம் கெட்டது, உடம்பு ஊதியது. மார்க் பத்தாவதை விடக் குறைந்தது. ஓடியிருந்தால் கூடியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஓடாமல் இருந்ததால் கூடவில்லை. இது நிச்சயம்.

இனி விஷயத்துக்கு வருவோம். காலேஜ் க்விஸ் ஒன்றுக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது: 100 மீட்டரை 10.0 விநாடியில் முதலில் ஓடியவர் யார்? ஜெசி ஓவன்ஸ் என்று நினைத்தேன். தப்பு. விடை, ஆர்மின் ஹாரி என்ற ஜெர்மன்காரர். 1960 ஜூன் 21, சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரம். அன்றைக்கு அவர் 10.0 ஓடியதும், ஸ்டார்ட் சரியில்லை என்று அந்த ஓட்டத்தைச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மனுஷன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. சுமார் அரை மணி நேரம் கழித்து மறுபடி ஓடினார். மறுபடியும் 10.0! அதே ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம், 4x100 ரிலேயில் இன்னொரு தங்கம்.

அதற்கப்புறம்? ஒரு கார் விபத்தில் முழங்கால் போனது. சங்கத்தோடு தகராறு, தடை. 1961இல் ஓட்டத்தை விட்டுவிட்டார். அப்போது வயது 24. உலகத்திலேயே வேகமான மனிதனின் ஓட்ட வாழ்க்கை, நம்மில் பலர் முதல் வேலையில் சேரும் வயதில் முடிந்துவிட்டது.

இதைப் படித்ததும் அப்பா சொல்வது சரிதானோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஓட்டத்தை மட்டும் நம்பினால் 24 வயதில் கால் போனால் எல்லாம் போச்சு. ஆனால் அதே ரோம் 100 மீட்டர் ஃபைனலில் ஹாரிக்கு அடுத்து வந்தவர் யாரென்று பார்த்தேன். டேவ் சிம், அமெரிக்கர். அவருக்கும் அதே 10.2 விநாடிதான், நூலிழையில் தங்கம் போனது. அந்த டேவ் சிம் அப்போது மருத்துவ மாணவர்! பிற்காலத்தில் பெயர்பெற்ற கண் டாக்டர் ஆனார். அதே ரோமில் 200 மீட்டர் தங்கம் வாங்கிய இத்தாலிக்காரர் லிவியோ பெர்ருட்டி கெமிஸ்ட்ரி மாணவர். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓடிய ஸ்டைல் மன்னன் அவர். :-)

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ரோமில் ஓடியவர்களின் பட்டியலை இன்னும் கொஞ்சம் துழாவினேன். நம் மில்கா சிங் இருந்தார், 400 மீட்டரில் நான்காம் இடம், எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தத் தேடலில்தான் மலாயா என்ற நாட்டுக்கு எதிரே ஒரு பெயர் கண்ணில் பட்டது. மணி ஜெகதீசன்.

நம்ம ஊர்ப் பெயர்! எங்கள் தெருவிலேயே இரண்டு ஜெகதீசன்கள் இருக்கிறார்கள். ரோமில் ஒரு ஜெகதீசன் என்ன செய்துகொண்டிருந்தார்?

ஜெகதீசன் பிறந்தது 1943 நவம்பர் 2. அப்படியானால் ரோமுக்குப் போனபோது வயது 16. கணக்குப் போட்டுப் பாருங்கள், என் தங்கச்சி வயது. அந்த வயதில் ஒலிம்பிக் போய்வந்த பையனை இங்கே என்ன சொல்லியிருப்பார்கள்? ஒன்று, "போதும்டா ஓடினது, படி" என்றிருப்பார்கள். இல்லை, "நீதான் ஒலிம்பிக் போயிட்டியே, படிப்ப விடு, ஓடு" என்றிருப்பார்கள். அவர் இரண்டையும் விடவில்லை. சிங்கப்பூர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். படித்துக்கொண்டே ஓடினார்.

1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. 200 மீட்டரில் ஜெகதீசனுக்குத் தங்கம். இதில் இன்னொரு விசேஷம், அங்கே 100 மீட்டர் தங்கம் வாங்கிய இந்தோனேசியாவின் முகமது சரெங்காட்டும் பின்னாளில் டாக்டர் ஆனவர்தான். ஆசியாவின் வேகமான இரண்டு கால்களும் டாக்டர்களுடையவை!

1964, டோக்கியோ ஒலிம்பிக். நாடு அதற்குள் மலேசியா ஆகியிருந்தது. ஜெகதீசன் 200 மீட்டரில் அரையிறுதி வரை போனார்.

1966, பாங்காக் ஆசிய விளையாட்டு. இதுதான் அவருடைய உச்சம். 100 மீட்டர் தங்கம், 200 மீட்டர் தங்கம், 4x100 ரிலேயில் தங்கம். ஒரே போட்டியில் மூன்று தங்கம். 200 மீட்டரில் அவருக்குப் பின்னால் வெள்ளி வாங்கியவர் நம் நாட்டின் அஜ்மீர் சிங். அங்கிருந்துதான் 'பறக்கும் டாக்டர்' என்ற பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அந்த ஆண்டு மலேசியா முதன்முதலாகத் தேசிய விளையாட்டு வீரர் விருது கொடுத்தபோது ஆண்களில் ஜெகதீசனுக்குக் கிடைத்தது. பெண்களில் யாருக்குத் தெரியுமா? எம். ராஜாமணி. அவரும் ஓட்டக்காரர்தான், அவரும் தமிழர்தான். அம்மாச்சி கவனிக்கவும். 1966இலேயே ஒரு தமிழ்ப் பெண் அரை டவுசர் போட்டு ஓடி, ஒரு நாட்டின் முதல் விருதை வாங்கியிருக்கிறார்.

1968, மெக்சிகோ ஒலிம்பிக். மறுபடியும் 200 மீட்டர் அரையிறுதி. நேரம் 20.92 விநாடி. இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டருக்கு மேல். கூடலூருக்குப் போகும் டவுன் பஸ் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் சராசரியை விட இது நிச்சயம் அதிகம்.

மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானலை விடக் கொஞ்சம் உயரம். காற்று அடர்த்தி குறைவு, அதனால் குறுந்தூர ஓட்டக்காரர்களுக்குக் கொஞ்சம் சாதகம். ஒலிம்பிக்கில் மண் தரைக்குப் பதிலாக செயற்கை ட்ராக் வந்ததும் அங்கேதான் முதல் தடவை. ஆனால் உயரமும் ட்ராக்கும் எல்லோருக்கும் பொதுதானே. அதே மெக்சிகோவில் டாமி ஸ்மித் 19.83இல் 200 மீட்டரை ஜெயித்து, பதக்க மேடையில் கறுப்புக் கையுறை போட்ட முஷ்டியை உயர்த்தி நின்ற படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அதே வாரத்தில் அதே ட்ராக்கில் ஒரு தமிழ் டாக்டரும் ஓடினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குப் போன மாதம் வரை தெரியாது.

அந்த 20.92 மலேசியாவின் தேசியச் சாதனையாக எத்தனை வருடம் நின்றது தெரியுமா? 49 வருடம். 2017இல்தான் கைருல் ஹஃபிஸ் ஜன்தான் என்ற இளைஞர் 20.90 ஓடி முறியடித்தார். 0.02 விநாடி என்பது அந்த வேகத்தில் சுமார் 19 சென்டிமீட்டர். ஒரு சாண் கூட இல்லை. முழு நேரப் பயிற்சி, விளையாட்டு விஞ்ஞானம், நல்ல ஷூ, நல்ல ட்ராக் எல்லாம் வந்த பிறகு, டாக்டருக்குப் படித்துக்கொண்டே ஓடி வளர்ந்த ஒருவரை ஒரு சாண் தாண்ட அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

ஓட்டம் முடிந்தபோது ஜெகதீசனுக்கு ஹாரியின் நிலைமை வரவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநர் ஆனார். மலேசிய சுகாதாரத் துறையில் பெரிய பொறுப்புகளில் இருந்தார். ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலின் மருத்துவக் குழுவுக்குத் தலைமை வகித்தார். ஊக்கமருந்து போட்டு ஓடுகிறவர்களைப் பிடிக்கும் வேலையும் அதில் அடக்கம். ஓட்டம் மருத்துவத்தைக் கெடுக்கவில்லை, மருத்துவமும் ஓட்டத்தைக் கெடுக்கவில்லை. கடைசியில் இரண்டும் ஒரே வேலையில் வந்து சேர்ந்துகொண்டன.

இவர் ஒருத்தர்தானே, விதிவிலக்கு என்பீர்கள். ரோஜர் பேனிஸ்டரைப் பாருங்கள். 1954இல் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர், அப்போது மருத்துவ மாணவர், பிறகு நரம்பியல் டாக்டர். இன்னும் நெருக்கமாக வேண்டுமா? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் தாண்டுதலில் தங்கம். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கமே அதுதான். அவர் அமெரிக்காவில் படித்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, ஆப்பிரிக்க நாடுகளில் கல்விப் பணி செய்து, 2024இல் காலமானார்.

இவர்கள் எல்லோரும் எப்படிப் படித்தார்கள் என்றால், அன்றைக்கு வேறு வழி கிடையாது. அமெச்சூர் விதி என்று ஒன்று இருந்தது. ஓடிக் காசு வாங்கக்கூடாது. 1980கள் வரை அந்த விதி ஏதோ ஒரு வடிவத்தில் இருந்தது. அதனால் ஓடுகிறவன் படித்துத்தான் ஆகவேண்டும், இல்லை வேலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அந்த விதி பல ஏழை வீரர்களை நசுக்கியது, அதை நான் புகழவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை அது நிரூபித்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய மனித உடம்பும் மூளையும் தாங்கும்.

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலேயே வந்தவைதான்.

முதல் கேள்வி: "அது அந்தக் காலம். இப்ப நீட்டு, கோச்சிங்னு போட்டி எம்புட்டு ஆயிருச்சு?"

நியாயமான கேள்விதான். நம் பிள்ளைகளுக்கு அன்றைக்கு இல்லாத பாரம் இன்றைக்கு இருக்கிறது. ஆனால் நேரத்தைக் கணக்குப் போடுவோம். 200 மீட்டர் ஓட்டக்காரர் நாள் முழுக்க ஓட முடியாது. ஒரு முறை முழு வேகத்தில் ஓடினால் அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் பல நிமிடம் ஓய்வு வேண்டும். அதிகமாக ஓடினால் தசை கிழியும், வேகம் குறையும். தங்கச்சியின் பயிற்சி தினம் ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். ஏழரை மணி நேரம் ஆச்சு. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56, ஸ்கூலுக்கும் போகவரவும் 50, சாப்பாடு, குளியல், இதர வேலைக்கு 20. இந்த ஏழரையும் போக இன்னும் 34 மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது. படிப்பதற்கு இது போதாதா? ஏழரை மணி நேரம் என்பது நான் ப்ளஸ் டூவில் மொட்டை மாடியில் மலை பார்த்த நேரத்தை விடக் குறைவு. :-(

இரண்டாவது கேள்வி: "ஓடி மெடல் வாங்கலைன்னா?"

வாங்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். இதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை. தங்கச்சி மாநிலப் போட்டிக்கே போகாமல் போகலாம். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் உண்டு, எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் கூட விளையாட்டு வீரர்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்கள் உண்டு. ஆனால் அதை நம்பி ஓடு என்று நான் சொல்ல மாட்டேன். அது லாட்டரி. டியூஷனுக்கு அனுப்பும்போது மட்டும் நாம் இப்படிக் கேட்கிறோமா? "டியூஷன் போயி ஸ்டேட் ஃபர்ஸ்ட் வரலைன்னா?" என்று கேட்டு யாராவது டியூஷனை நிறுத்தியிருக்கிறார்களா? ஓட்டத்துக்கு மட்டும் ஏன் தங்கப் பதக்கம் உத்தரவாதம் கேட்கிறோம்?

மூன்றாவது, அம்மாச்சியின் கேள்வி. வாய்விட்டுப் பலர் கேட்காவிட்டாலும் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். என்னை நிறுத்தியபோது படிப்பைத்தான் காரணம் சொன்னார்கள். தங்கச்சியை நிறுத்தும்போது படிப்பும் காரணம், 'ஊரு என்ன சொல்லும்' என்பதும் காரணம். ஆனால் பாருங்கள், எங்கள் பள்ளத்தாக்கில் பெண்களின் உடல் உழைப்பு இல்லாமல் ஒரு நாள் கூட நகராது. அம்மா ஜீப்பில் பத்துப் பதினைந்து பேரோடு நெருக்கிக்கொண்டு மலை ஏறிப்போய், சரிவில் நாள் முழுக்கக் குனிந்து ஏலக்காய் எடுக்கிறார். திராட்சைத் தோட்டத்தில், வயலில், எல்லா இடத்திலும் பெண்கள்தான். அப்போதெல்லாம் ஊர் ஒன்றும் சொல்வதில்லை. மற்றவர்களுக்காக வேர்வை சிந்தினால் சரி, ஒரு பெண் தனக்காக வேர்வை சிந்தினால் மட்டும் ஊர் பார்க்குமா?

இவ்வளவு யோசித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். "ஓட்டமா, படிப்பா?" என்ற கேள்வியே தப்பு. அந்தக் கேள்வி பிள்ளையின் திறமையிலிருந்து வரவில்லை, நம்முடைய பயத்திலிருந்து வருகிறது. எங்கள் அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. அவர் தலைமுறையில் இந்த வீட்டிலிருந்து யாரும் காலேஜ் வாசல் மிதிக்கவில்லை. க.விலக்கு மெடிக்கல் காலேஜைக் கடந்து பஸ் போகும்போதெல்லாம் தங்கச்சியை ஜன்னல் பக்கம் உட்கார வைப்பார். கையில் இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு, அது நழுவிவிடக்கூடாது என்ற பயம். தப்பில்லை. ஆனால் பயத்தில் எடுக்கிற முடிவு எப்போதும் பிள்ளையிடமிருந்து எதையாவது பிடுங்குகிற முடிவாகத்தான் இருக்கிறது. பிடுங்கிய இடத்தில் படிப்பு தானாக முளைத்துவிடாது. என்னிடம் முளைக்கவில்லை.

ஹாரியும் ஜெகதீசனும் சேர்ந்து எனக்குச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. ஓட்டத்தின் காலம் குறுகியது. அதனால் படிப்பு கட்டாயம் வேண்டும், இதில் அப்பா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதே காரணத்துக்காகத்தான் ஓட்டத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. "அப்பறம் என்னமும் பண்ணு" என்கிறார் அப்பா. படிப்பை 20 வயதிலும் தொடரலாம், 40 வயதிலும் தொடரலாம். 16 வயதுக் கால்களை 18 வயதில் திரும்ப வாங்க முடியாது. நான் போன வாரம் தங்கச்சியோடு ஓடிப் பார்த்தேன். 80 மீட்டரில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்கூல்களுக்கும் ஒரு வேண்டுகோள். செயற்கை ட்ராக், வெளிநாட்டுக் கோச் எல்லாம் கேட்கவில்லை. டைம் டேபிளில் ஏற்கெனவே இருக்கிற பி.டி. பீரியடைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கும் கொடுங்கள். அதில் கணக்கு நடத்தாதீர்கள். கிரவுண்டில் வளைவு ஒன்றைச் சரியாக அளந்து கோடு போட்டுக் கொடுங்கள். அடுத்த பிள்ளையாவது மாவட்டப் போட்டியில் என்னைப் போல முழிக்காமல் இருக்கட்டும்.

நேற்று ராத்திரி இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். ஜெகதீசனின் படத்தைப் போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "டாக்டரா இவரு?" என்று இரண்டு தடவை கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஓடிட்டு வர்ற அன்னிக்குத்தான் அவ நல்லாத் தூங்குறா. மத்த நாளு புரண்டுக்கிட்டே கெடக்குறா."

பஞ்சாயத்தில் அம்மா சொன்ன முதல் வார்த்தை அது. என்னுடைய இத்தனை பக்கத்தை விட அதுதான் நல்ல வாதம் என்று தோன்றுகிறது.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஜூனில் தெரியும். உங்கள் வீட்டில் இந்தப் பஞ்சாயத்து எப்படி முடிந்தது? ஓட்டத்தையோ, கபடியையோ, பாட்டையோ ப்ளஸ் ஒன்னில் விட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அப்பாவிடம் படித்துக்காட்ட வேண்டும்.

பி.கு: இதை எழுதி முடிக்கும்போது விடிந்துவிட்டது. தங்கச்சி ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, கதவுச் சத்தம் கேட்காமல் வெளியே போகிறாள். அப்பா முழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார். நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.